சோபா கடையில் ஒரு ஹார்ட்கோர் கச்சேரி

அந்தப் பேச்சைத் தொடங்கியது மாமாதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் சோபா கடையில் ஒரு கச்சேரி வைத்துக்கொள்ளலாமா என்று, ஏதோ ஒரு குண்டூசி கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யார் பாடப்போகிறார்கள் என்று விசாரித்தாள். இது ஹார்ட்கோர் என்ற வகை, பாட மாட்டார்கள், கத்துவார்கள் என்றார் மாமா. எத்தனை பேர் வருவார்கள் என்றாள். அறுபது பேர் என்றார். இருபது பேர் நின்றாலே மூச்சு முட்டும் கடை அது.

"சும்மா நின்னு கேப்பாங்களா?"

"இடிச்சுப்பாங்க. குதிப்பாங்க. ஆனா கேட்டு முடிச்சா நெஞ்சுல இருக்கிற தூசியெல்லாம் போயிடுதுடி."

"தூசிக்கு வேக்குவம் கிளீனர் இருக்கு."

மாமா சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அக்கா கொஞ்சம் இறங்கிவந்தாள். ஒரே நிபந்தனை போட்டாள்: ஒருவர் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அதுதான் கடைசிக் கச்சேரி. பார்த்துவிட்டு வந்து சொல்ல, தங்கையை அனுப்புவாள்.

"இந்த ஊமைக்கோட்டானையா?" என்று மாமா மூலையில் படித்துக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்தார். "வாயைத் திறந்தாத்தானே சொல்றதுக்கு."

"அதனாலதான். திறந்தா பொய் வராது."

சின்னவள் புத்தகத்தை மூடவில்லை. மாமாவுக்கு இதில் எப்படி ஆசை வந்தது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. பகலெல்லாம் சோபாவுக்குத் துணி தைப்பவர். உதட்டிடுக்கில் குட்டி ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் "ம்" ஒன்றுதான் பதில். ஒரு நாள் டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் கிழிந்துபோன ஸ்டூலைக் கொண்டுவந்து, வேலை பிடித்துப்போய், கச்சேரிக்குக் கூப்பிட்டார். மரியாதைக்காகப் போன மாமா அதன்பிறகு ஒன்றையும் விடவில்லை. இப்போது அவர்கள் கச்சேரி நடத்திவந்த கூடத்தை இடித்துவிட்டார்கள். வேறு யாரும் இடம் தரத் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் போனபோது கடையே அடையாளம் தெரியவில்லை. சோபாச் சட்டங்கள் பின்கட்டுக்குப் போயிருந்தன. தூண்களுக்குக் கெட்டியான ஃபோம் சுற்றி, மேலே ரெக்ஸின் இழுத்துக் கட்டியிருந்தார். சுவர் முனை, துணி வெட்டும் மேசையின் விளிம்பு, கதவுப் பிடி ஒன்றும் பாக்கியில்லை. நீளக் குச்சியில் கட்டிய காந்தத்தால் தரையைத் தடவித் தடவி ஆணி பொறுக்கினார். கல்யாண வீட்டுக்காரர்போல் வேர்த்திருந்தார்.

பாடகி வெறுங்காலோடு வந்து நின்றாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். சின்னவளைப் பார்த்து, எங்கே நின்றால் கூட்டத்தில் மாட்டாமல் பார்க்கலாம் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த நிமிடம் அதே தொண்டையிலிருந்து வந்த சத்தம் காதுக்குள் போகவில்லை. நேராக விலா எலும்பில் வந்து மோதியது. கூட்டம் ஒரேயடியாகப் பொங்கியது. தோளும் முழங்கையும் ஒன்றோடொன்று மோதின. சின்னவள் தூணைக் கட்டிக்கொண்டாள். கொலை விழப்போகிறது என்று நினைத்தாள்.

அப்புறம்தான் கவனித்தாள். ஒருவர் விழுந்தால், முதுகு தரையில் படுவதற்குள் நாலு கை அவரைத் தூக்கிவிட்டது. யாருடைய கண்ணாடியோ கழன்று விழ, எடுத்தவர் அதை உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். உடையவர் வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பாய்ந்தார். இத்தனை வெறிக்குள் இத்தனை பதவிசா என்று அவளுக்குப் புல்லரித்தது.

இரண்டாவது பாட்டில்தான் அது நடந்தது. தரையை அத்தனை தடவை தடவிய மாமா, மேல் அலமாரியை மறந்திருந்தார். ஸ்பீக்கரின் அதிர்வில் ஆணி டப்பா அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கூட்டத்தின் நடுவே கவிழ்ந்தது. சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பார்த்தவர் மாமா மட்டும்தான்.

அவர் கத்தினார். கத்தத் தெரிந்த அத்தனை பேருக்கு நடுவில் அவர் குரல் எடுபடவில்லை. உள்ளே புகுந்து ஆணியை அள்ளக் குனிந்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி குனிந்தார். மறுபடி தூக்கி, முதுகில் தட்டியும் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை முழங்கால் மடங்குவதற்கு முன்பே தூக்கிவிட்டார்கள். பாடகியின் வெறுங்கால் ஆணிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாமா வேறு வழியில்லாமல், கையில் அகப்பட்ட ஒரே ஆணியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்.

பாடகி நின்றாள். டிரம்ஸ் நின்றது.

"ஆணி," என்றாள் அவள், மருந்துக் கடைக் குரலில். "யாரும் நகராதீங்க."

அறுபது பேரும் நின்ற இடத்திலேயே மண்டியிட்டார்கள். அலைபேசி விளக்குகளின் வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. காந்தக் குச்சி கை மாறிக் கை மாறிப் போயிற்று. கழுத்தெல்லாம் பச்சை குத்திய ஒரு பெரிய மனுஷர் தன் உள்ளங்கையால் தரையை அங்குலம் அங்குலமாகத் தடவினார், குழந்தையைப் படுக்கவைக்கும் இடத்தைத் தடவுவதுபோல. சின்னவளும் எப்போது மண்டியிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கோயில் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த வார்த்தைகூட அப்போது சின்னதாகத்தான் இருந்தது.

ஒருவர் பாதத்திலும் கீறல் இல்லை. பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் போனபின் மாமா துண்டுத்துணியை எடுத்து வலது கையில் சுற்றினார். அள்ளும்போது உள்ளங்கை கிழிந்திருந்தது. துணியில் ரத்தம் ஊறுவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். மறைப்பதற்குக் கையுறை இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

"உங்க அக்கா சொன்னா சொன்னதுதான். ஆணி கொட்டினது, கை கிழிஞ்சது, ரெண்டையும் நானே சொல்லிடறேம்மா," என்றார். பிறகு வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மத்ததை மட்டும் நீ சொல்றியா? அத்தனை பேரும் மண்டி போட்டாங்களே, அதை. எனக்கு அது சொல்ல வர மாட்டேங்குது."