படத்தின் பின்வரிசை

இன்று அம்மாவோடு தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பழைய புகைப்படக் கண்காட்சி.

ஒரு கட்டட வேலையைப் பார்வையிடும் படம். முன்வரிசையில் சால்வை போட்ட பெரிய மனிதர்கள். பின்னால் மண்கூடையோடு எங்கள் தெருப் பெண்கள். படக்குறிப்பில் முன்வரிசைக்கு மட்டும் பட்டம், பதவியோடு பெயர்கள். கடைசியில் "மற்றும் பலர்".

அம்மா படத்தின் கண்ணாடிமேல் விரல் வைத்தார். "இது அஞ்சலை. இது மாரியம்மா. இது நான். நடவு முடிஞ்ச கையோட எல்லாரும் இங்க மண்ணு சுமக்க வந்தோம்."

இந்தப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லி அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"அதுக்கு ஆதாரம் வேணும்மா. யாரு வேணா எது வேணா சொல்லலாம்ல?"

"முன்னாடி நிக்கிறவங்ககிட்ட என்ன ஆதாரம் கேட்டீங்க சார்?"

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அம்மா இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடி நிக்கிறவங்கதான் யாருன்னு தெரியல. அன்னிக்கும் யாரும் சொல்லல."

அந்த அதிகாரி மேலே கேட்டுச் சொல்லும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. படத்தைப் போனில் எடுத்து இங்கே போட்டிருக்கிறேன். படக்குறிப்பு நான் எழுதியது:

"இடமிருந்து வலமாக: அஞ்சலை, மாரியம்மாள், என் அம்மா செல்வி மற்றும் பலர்."

அந்தப் பலரில் சால்வை போட்டவர்கள் யாரென்று தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஆதாரம் வேண்டும்.