விசில் சத்யா கையில் இருந்த நாள்

1. வேலைக்குச் சேர்ந்தது

கோடை முகாமில் மென்டார் வேலை என்று சொன்னதும் என் அண்ணன் சிரித்தான். "பசங்களோட பாட்டு பாடிகினு இருக்கறதுக்கு ஒரு வேலையா?" எம்.எஸ்சி. பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நேரம். சும்மா உட்காருவது எனக்கு வராது. விண்ணப்பித்த மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆரணிக்கு வெளியே ஒரு பள்ளி விடுதியில் இருபத்தொரு நாள் முகாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய நாற்பது பிள்ளைகள் அங்கேயே தங்கியிருந்தார்கள். காலையில் கணக்கு, அறிவியல். மதியம் பேச்சுப் பயிற்சி, கம்ப்யூட்டர். மாலையில் விளையாட்டு. பத்துப் பேருக்கு ஒரு மென்டார். பாதி நேரம் டீச்சர் வேலை, மீதி நேரம் துண்டு தொலைந்தது, சோப்பு தொலைந்தது, வயிற்று வலி, வீட்டு நினைப்பு.

அந்த முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ஒரு பிள்ளைதான் டே லீடர். காலை ஆறு மணிக்கு விசிலைக் கையில் கொடுத்துவிடுவோம். மாலை ஆறு வரை சாப்பாட்டு வரிசை, வகுப்பு, விளையாட்டு எல்லாம் அவர் சொன்னபடிதான். மென்டார்களும் கேட்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் தவிர நாங்கள் குறுக்கே பேசக் கூடாது. இந்த விதியைக் கேட்டபோது பிரமாதம் என்று கை தட்டினேன். அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்பதாம் நாள்தான் தெரிந்தது.

2. எட்டாம் நாள்

என் குழுவில் சத்யா என்று ஒரு பெண். ஆரணி பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. அம்மா செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். முதல் ஏழு நாளில் அவள் வாயிலிருந்து வந்தது "ம்", "சரிக்கா", இந்த இரண்டும்தான். எங்கள் குழுவின் வாயாடி நவீன் அவளுக்கு ஒரு விளக்கமே வைத்திருந்தான்: "அக்கா, சத்யாவ அவங்க வீட்லயே மியூட்ல போட்டுதான் அனுப்பி இருக்காங்க."

எட்டாம் நாள் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து போன் கேட்டாள். அம்மாவிடம் ஒரே வரி: "நாளான்னிக்கு வந்து கூட்டினு போம்மா."

"ஏன் சத்யா?" என்றேன்.

"எல்லாரும் பேசறாங்கக்கா. எனக்கு வர்ல."

மறுநாள் டே லீடர் அவள்தான். அதுவும் பக்கத்தில் இருக்கும் சமணர் மலையான திருமலைக்கு டூர் போகும் நாள். முகாமை நடத்தும் பாலாஜி சார் பட்டியலைப் பார்த்துவிட்டு, "போறேன்ற பொண்ணுக்கு எதுக்குமா லீடர்? அடுத்தவனுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

"சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாருங்க. அவ போக மாட்டா. நான் பொறுப்பு."

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு பயம் வந்தது. பயம் வந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். உட்கார்ந்து பன்னிரண்டு அட்டைகள் எழுதினேன். காலை வணக்கத்திலிருந்து நன்றி வரை அவள் பேச வேண்டிய ஒவ்வொரு வாக்கியமும் எழுதி, நம்பர் போட்டு, அவளிடம் கொடுத்தேன். "நீ ஒண்ணும் யோசிக்கவே வேணாம். பாத்துப் படி, அவ்ளோதான்."

"சரிக்கா."

3. மூன்றாவது அட்டை

காலை ஆறரைக்கு நாற்பது பேரும் தண்ணீர் பாட்டில், தொப்பியோடு வரிசையில் நின்றார்கள். சத்யா முதல் அட்டையைப் படித்தாள். சன்னமான குரல், ஆனாலும் கேட்டது. இரண்டாவதையும் படித்தாள். மூன்றாவது: "பஸ் தயாராக நிற்கிறது. எல்லோரும் வரிசையாக ஏறுங்கள்."

கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள்கூட இல்லை.

"எங்க ஏர்றது? உன் தோள் மேலயா?" என்றான் நவீன். நாற்பது பேரும் சிரித்தார்கள். சத்யா அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் பஸ்காரருக்குப் போன் அடித்தேன். "மேடம், இன்னிக்கு முகூர்த்தம் மேடம். பொண்ணு வூட்டுக்காரங்க விடிகாலைலயே வண்டிய எட்துனு போய்ட்டாங்க. ஒரே பேஜாரா பூட்ச்சி. நாளைக்கு வரட்டா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் வீடு பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் வீடு. எந்தத் தேதியில் முகூர்த்தம், அதற்கு எத்தனை நாள் முன்னால் புடவை போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் வீட்டில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், வைகாசி முகூர்த்த நாளில் டூர் பஸ் சொல்லிவிட்டு, அட்டையும் எழுதியிருக்கிறேன்.

ஓடிப்போய் சத்யா காதில், "டூர் கேன்சல்னு சொல்லிடு. எல்லாரும் உள்ள போய் வீடியோ பாக்கலாம்னு சொல்லு. நீ பயப்படாத, இரு, நானே சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

அவள் பன்னிரண்டு அட்டைகளையும் அடுக்கி என் கையில் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க."

ஒன்பது நாளில் அவள் எனக்குப் போட்ட முதல் உத்தரவு. பாலாஜி சார் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

4. கம்பெனி பஸ்

சத்யா சாரிடம் போன் வாங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். "எம்மா, நைட் ஷிப்ட் வண்டி வந்துட்ச்சா? மணி அண்ணன் நம்பர் சொல்லு. அப்புறம் சொல்றேன், நீ நம்பர சொல்லு."

எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. செய்யாறு கம்பெனி பஸ் ஒன்று நைட் ஷிப்ட் முடித்தவர்களை ஏழு மணிக்கு ஆரணியில் இறக்கிவிடும். அடுத்து மதிய ஷிப்ட் ஆட்களை ஏற்ற பன்னிரண்டரைக்குத்தான் கிளம்பும். நடுவில் சும்மா நிற்கும். ஷிப்டுக்குப் போய்வரும் அம்மாவோடு வளர்ந்த பெண்ணுக்கு இந்த நேரங்கள் அத்துப்படி.

அடுத்து டிரைவர் மணிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்; அவர் தயங்கியது எங்களுக்கும் கேட்டது. "வண்டி எனுது இல்ல பாப்பா. ஓனர கேக்கணுமே."

"கேளுங்கண்ணா. நான் லைன்லயே இருக்கன்."

அப்படியே நின்றாள். ஓனர் லைனில் வந்ததும் வாடகை, அனுமதி இரண்டையும் பாலாஜி சார் பேசினார். ஓனர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: பன்னிரண்டரைக்கு வண்டி ஆரணி ஸ்டாப்பில் நிற்க வேண்டும்.

சத்யா விசில் ஊதினாள்.

"ஏழரைக்கு வண்டி வரும். பன்னெண்டரைக்கு திரும்பி வந்தாவணும். லேட் ஆனா எங்கம்மா உட்பட அம்பது பேருக்கு வேலைக்கு லேட். டிபன் இங்கயே சாப்டுட்டு போறோம், ஜல்தி ஜல்தி. மலை மேல வெளாட்டு கெடையாது. நவீன், நீ எப்பவும் கடைசியாதான் ஏறணும். யாரு வர்லன்னு உன்னதான் கேப்பேன்."

"என்னையா?" என்றான் நவீன்.

"நீதான எல்லாரையும் பாத்துகினே இருக்க."

இந்த முறை நாற்பது பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

5. பத்து நிமிடம்

திருமலைக்காக நாற்பது நிமிடப் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். பாறையில் செதுக்கிய உயரமான நேமிநாதர் சிலை, குகை ஓவியங்கள், கல்வெட்டு என்று நோட்டு நிறையக் குறிப்பு. படி ஏறும்போதே சத்யா சொல்லிவிட்டாள். "அக்கா, உங்களுக்கு பத்து நிமிஷம்."

சிலை வரைக்கும் நன்றாகப் போனது. ஓவியத்துக்கு வந்தபோது தோளில் ஒரு கை.

"பத்து ஆயிடுச்சிக்கா."

"இன்னும் ஒரே ஒரு விஷயம் சத்யா..."

"பஸ்ல சொல்லுங்க."

"அக்காவையே மியூட்ல போட்டாடா!" என்று நவீன் கத்தினான். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். என் வேலையில் நான் பெருமைப்பட்ட முதல் நிமிடம் அதுதான்.

மென்டாராக வரப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். சத்யாவுக்குப் பேச வரவில்லை என்று நான் முடிவு கட்டியது தப்பு. அவள் பேச வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு முன்னால் நான் பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் நமக்குத் தெரியாத எதையோ தெரிந்துகொண்டுதான் முகாமுக்கு வருகிறார்கள். அதற்கு இடம் விட்டு நிற்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. எனக்கு இன்றும் அது சுலபமில்லை.

6. பன்னிரண்டு இருபது

விடுதி வரை போய் வந்தால் நேரமாகும் என்று, ஸ்டாப்பிலேயே இறங்கி நடக்கச் சொல்லிவிட்டாள் சத்யா. பன்னிரண்டு இருபதுக்கு வண்டி வந்து நின்றபோது மதிய ஷிப்ட் பெண்கள் டிபன் பையோடு காத்திருந்தார்கள். அதில் அவள் அம்மாவும் நின்றார்.

"இன்னாடி இது, எங்க பஸ்ல வந்து எறங்கற?"

"நில்லும்மா, எண்ணிகினு இருக்கேன். முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது... நவீன், நீ நாப்பது. செரி, இப்ப ஏறுங்க எல்லாரும்."

ஐம்பது பெண்களும் அவள் சொன்ன பிறகுதான் ஏறினார்கள். படியில் கால் வைத்த அம்மா திரும்பிக் கேட்டார். "நாளைக்கு கூட்டினு போவ வரட்டா?"

நான் பேச வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

"கடைசி நாளு வாம்மா. அன்னிக்கு நிகழ்ச்சி இருக்கு. லீவு சொல்லிடு" என்றாள் சத்யா.

வண்டி நகர்ந்தது. அம்மா ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினார். "டீச்சர், ரொம்ப வாயாடினா ஒரு அதட்டு போடுங்க!"

சரிங்கம்மா என்று கையாட்டினேன். மீதி பன்னிரண்டு நாளும் சத்யா வாயாடினாள். ஒரு தடவைகூட நான் அதட்டவில்லை.