சர்ச் வராந்தாவில் தலைப்பாகை

அஞ்சுகிராமத்தில் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. எதிரே சர்ச் வராந்தாவில் ஏழெட்டுக் கிழவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் மிஷன் பள்ளியில் ஓய்வுபெற்ற வாத்தியார், சம்பளம் கிடையாது. மணலைச் சலித்துக் கொடுப்பது பக்கத்துக் கடை பாய்.

ஓரத்தில் இருப்பவர் நெற்றியில் வெள்ளை நாமம். அய்யாவழிக்காரர்; சாமி கும்பிடும்போது தலைப்பாகை கட்டுவது அவர்கள் வழக்கம். எழுத்தையும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தொடுவாராம். சர்ச்சுக்குள் ஆண்களுக்குத் தலைப்பாகை ஆகாது. அவருக்காகவே வகுப்பு வராந்தாவுக்கு வந்துவிட்டது.

“இந்த வயசுல படிச்சு என்ன செய்யப் போறீங்க?” என்று அவரிடம் கேட்கிறேன்.

“மவன் கொழும்புல கெடக்கான். முன்ன சும்மா கப்பலேறிப் போவலாம், இப்பம் பாஸ்போர்ட்டு இல்லாம போய்ப் பாக்கவும் முடியாதாம். அவன் கடுதாசிய வாத்தியாருதான் வாசிச்சுச் சொல்லுவாரு. எப்பவும் சொகம், சொகம்னே வருது. பத்து வருசமா ஒருத்தன் சொகமாவே இருப்பானா தம்பி? வாத்தியாரு நல்ல மனுசன். கெட்டத வாசிக்க மாட்டாரு. கடுதாசி எல்லாம் பெட்டியில இருக்கு. நானே வாசிச்சுக்கிடுதேன்.”

“இது வாத்தியாருக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? அவருகிட்ட சொல்லிட்டுத்தான் படிக்க வந்தேன்.”

கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். வாத்தியார் பெரியவர் பக்கத்தில் குனிந்து, மணலைத் தடவிச் சமமாக்கி, அவர் விரலைப் பிடித்து அடுத்த எழுத்தை எழுதவைக்கிறார்.