கூரையில் நின்று கேட்ட விண்வெளிக் காதல்

தொலைக்காட்சிக்கு அன்ரெனாக் கம்பம் கட்டுகிறவனுக்கு எந்த வீட்டிலும் ஒரே இடம்தான், கூரை. படம் பார்ப்பவர்கள் உள்ளே கதிரையிலும் பாயிலும் இருப்பார்கள். அவன் மேலே நின்று அவர்களுடைய சத்தத்தைக் கேட்டுக் கொண்டிருப்பான். ஒரு கையால் பைப்பையும் மறு கையால் இடுப்புச் சாரத்தையும் பிடித்துக்கொண்டு, சோளகக் காற்றுக்குள் "இப்ப எப்பிடி?" என்று கத்திய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், எங்கள் ஊர்காவற்றுறையில் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். அவ்வளவுக்கும் நான்தான் ஆள். என் தொழிலில் நான் கெட்டிக்காரன், அதில் எனக்கு அடக்கமே கிடையாது. நான் நட்ட கம்பம் ஒன்றும் காற்றில் சாய்ந்ததில்லை. மண்கும்பானில் ஒன்று சாய்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது மாடு சாய்த்தது.

தண்டையல்

மடுத்தீன் சம்மாட்டியார் வீட்டில்தான் முதலில் அந்த விண்வெளித் தொடரைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொழும்பிலிருந்து, முழுக்க ஆங்கிலத்தில். ஒரு கப்பல் வானத்துக்குள் போகும். அதில் காதோரம் நரைத்த ஒரு கப்டன் இருப்பார். வெள்ளித் தாள் சுற்றியதுபோல் உடுப்புப் போட்ட ஒரு பெண் வைத்தியரும் இருப்பார். இருவருக்கும் காதல் என்று காட்டுகிறவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் முடிவு செய்யவில்லை, அதுதான் பிரச்சினை.

எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் போகிறவர்கள். கப்டனைப் பார்த்த உடனேயே அவருக்குத் தண்டையல் என்று, வள்ளம் ஓட்டும் தலைவனின் பேரையே வைத்துவிட்டார்கள். புதிய கிரகம் ஒன்று வந்தால் தண்டையல்தான் முதல் ஆளாக இறங்குவார். அங்கே ஒரு ராணி இருப்பாள். அவளோடு கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி, வைத்தியரின் கையைப் பிடிப்பார். இரண்டு வள்ளமும் கரைவலையும் வைத்திருந்த சம்மாட்டியார் மூன்று கிழமை பேசாமல் பார்த்தார். நாலாம் கிழமை தீர்ப்புச் சொன்னார். நான் கூரையில் நின்று கேட்டேன்.

"வள்ளத்தையே விட்டிட்டு முதல் ஆளா இறங்கிறவன், அந்தப் பிள்ளையை வைச்சுப் பாப்பானோ?"

விருப்பமாம்

அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் சம்மாட்டியாரின் மகள் ஜெசிந்தா ஒருத்திதான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். படம் ஓட ஓடத் தமிழில் சொல்வது அவள் வேலை. "இடப்பக்கம்", "கொஞ்சம்", "போதும், நில்லுங்கோ" என்று சன்னலால் தலையை நீட்டி எனக்குக் கத்துவதும் அவள் வேலைதான். நான் ஏறிய கூரைகளில் இவ்வளவு சரியாகத் திசை சொன்ன ஆள் வேறு இல்லை. மற்றவர்கள் "அங்கை, அங்கை" என்பார்கள். எங்கே என்பது அவர்களுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவளில் விருப்பம். ஊரில் என் வயதுக்குக் குறைந்த பெண்கள் எல்லோரும் என்னைச் சேவியர் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் ஒருநாளும் அண்ணை என்று சொன்னதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் காற்று, மழை பாராமல் ஏறினேன். நன்றாக வரும் படத்தை இன்னும் நன்றாக வரச் செய்யவும் சில நாள் ஏறியிருக்கிறேன். வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அவள் அப்பா சம்மாட்டியார், எனக்கு இருந்ததோ ஏணி ஒன்று.

ஒருநாள் தண்டையல், சன்னலோரம் நின்றாராம், வைத்தியரிடம் நீளமாக எதையோ பேசினார். பேசி முடித்ததும் ஜெசிந்தா, "விருப்பமாம்" என்றாள். பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்கா விடவில்லை. "இவ்வளவு நேரம் கதைச்சவர், இதுதானோ சொன்னவர்?" என்று கேட்டார். அதற்கு ஜெசிந்தா சொன்ன மறுமொழி ஓட்டுக்கு மேலே இருந்த எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"விருப்பம் எண்டுறது ஒரு சொல்லுத்தானே அக்கா, மிச்சமெல்லாம் பயத்திலை சொன்னது."

பால் வாளி

நெடுந்தீவில் ஒரு வீட்டுக்குக் கம்பம் கட்டப் போனேன். பைப்பை லோஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னால் அதுவே ஒரு புத்தகம். பக்கத்தில் இருந்தவர்களின் தலையில் தட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதோடு விடுகிறேன். வீட்டுக்காரர் கணபதிப்பிள்ளை, மாடு வளர்க்கிறவர். மின்சாரம் இல்லை, கார் பற்றரியில்தான் பெட்டி வேலை செய்தது. நான் கம்பத்தை நிமிர்த்தவும் அதே தொடர் தொடங்கவும் சரியாக இருந்தது.

அன்று தண்டையல் இல்லை. கப்பலின் மெக்கானிக்கும் ரேடியோவில் பேசுகிற பெண்ணும் ஒரு சின்ன வள்ளத்தில் எண்ணெய் முடிந்து மாட்டிக்கொண்டார்கள். மூடியைப் பூட்டாமல் விட்டது யார் என்று படம் முழுக்க இரண்டு பேருக்கும் சண்டை. கணபதிப்பிள்ளையருக்கு ஏமாற்றம். "இதுகள் சோடியே? ஒரு ஆசை வார்த்தை இல்லை" என்றார். அவருடைய மனைவி சிவபாக்கியம் அக்கா, பால் வாளியோடு வாசலில் நின்று பார்த்தவர், இதுதான் சோடி என்றார். ஏன் என்று மனுசன் கேட்டது பெரிய பிழை.

"அவளின்ரை கையிலை இருந்த பாரத்தை அவன் கேக்காமலே வாங்கினவன், கண்டனீங்களோ? நீங்கள் கலியாணம் கட்டின நாளிலை இருந்து, நான் இந்த வாளி தூக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறியள்."

வந்த வள்ளம்

காற்றே இல்லாத ஒரு ஞாயிறு. கம்பம் அசையவில்லை, எனக்கும் கூரையில் வேலை இல்லை. சம்மாட்டியார் வீட்டுச் சன்னலில் நின்று ஒருமுறையாவது படத்தைக் கண்ணால் பார்ப்போம் என்று நின்றேன். தண்டையலும் ஆட்களும் சின்ன வள்ளத்தில் ஆபத்தான இடத்துக்குப் போய், காணாமல் போய், கடைசியில் திரும்பி வருகிறார்கள். கதவு திறக்கிறது. வைத்தியர் ஓடிவந்து தண்டையலைக் கட்டிப்பிடிக்கிறார். பின்னணியில் வயலின் அழுகிறது. உள்ளே இருந்த பெண்கள் சிலரும் மூக்கை உறிஞ்சினார்கள். சரி, இந்தச் சோடி கடைசியில் பொருந்திவிட்டது என்று நினைத்தேன்.

திரேசம்மா அக்கா மட்டும் அழவில்லை. அவருடைய புருசனும் இரண்டு பொடியன்களும் கடலுக்குப் போகிறவர்கள். புயலடித்த நாட்களில் அவர் கரையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வள்ளம் ஒரு பொட்டாகத் தெரியும்போதே அவருடைய உதடு அசையத் தொடங்கும். எத்தனை தலை என்று எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை புருசனின் முகத்தைக்கூடத் தேடமாட்டார். எங்கள் கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அவர் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னதற்குப் பிறகு எனக்கு அந்த வயலின் பிடிக்கவில்லை.

"போகேக்கை அஞ்சு பேர், வரேக்கை நாலு பேர். அவள் எண்ணிக்கூடப் பாக்கேல்லை. அவளுக்கு விருப்பம் இருக்கலாம், ஆனா அவள் காத்திருந்தவள் இல்லை."

படம் பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வந்தோம் என்று சொல்லமாட்டார்கள். பெருநாளுக்கு வந்தோம், சாட்டிக் கடற்கரைக்கு வந்த இடத்தில் ஒருக்கால் எட்டிப் பார்த்தோம், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பொருந்தி வராவிட்டால் இரண்டு பக்கமும் மரியாதையாகப் பிரியலாம், பெண்ணுக்கும் பேர் கெடாது. ஜெசிந்தாவைப் பார்க்கக் கொழும்பில் வங்கியில் வேலை செய்கிற மாப்பிள்ளை ஒருவர், தன் பெரியம்மாவோடு வருவதாக ஏற்பாடு. வந்த காரணம், படம் பார்க்க.

சனிக்கிழமை சம்மாட்டியார் என் வீட்டுக்கே வந்தார். "சேவியர், நாளைக்குப் படம் சோக்கா வரவேணும். படம் வராட்டா அவை என்னத்துக்கு வந்தவை எண்டு ஊர் கேக்கும். உம்மை நம்பித்தான் இருக்கிறன்" என்றார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் மனதில் இருக்கிறவளுக்கு வேறு ஒருவனைப் பேசி முடிக்க, அன்ரெனாவைப் பிடிக்கப் போகிறவன் நான். ஆனாலும் படம் வராமல் செய்ய என்னால் ஏலாது. கை வராது.

ஞாயிறு பேய்க் காற்று. நான் முகட்டில் இருந்து கம்பத்தைத் தோளோடு அணைத்துப் பிடித்தேன். படம் கண்ணாடிபோல வந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அன்று ஜெசிந்தா சேலை உடுத்து நடுக் கதிரையில் இருத்தப்பட்டிருந்ததால் திசை சொல்ல ஆள் இல்லை. தமிழ் சொல்லும் வேலையையும் மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டார். அவர் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். தண்டையலும் வைத்தியரும் எவ்வளவு உயர்ந்த காதலர்கள் என்று வரிக்கு வரி விளக்கிக் கொண்டிருந்தார். அதைக் கேட்டபடி காலை மாற்றி வைத்தேன். ஓட்டில் பாசி. கம்பம் நின்றது, நான் நிற்கவில்லை. வயரையும் இழுத்துக்கொண்டு போய், வேலியோரம் குவித்திருந்த வலைக்குள் விழுந்தேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதைத் திரேசம்மா அக்கா பிறகு எனக்கு நடித்தே காட்டினார். படம் போனதும் "படம் போச்சு" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்களாம். மாப்பிள்ளை எழும்பிப் பெட்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாராம். ஜெசிந்தாவோ, பெண் பார்க்க இருத்தியிருந்த கதிரையைத் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்கு நடுவால் ஓடினாளாம். எனக்குத் தெரிந்தது, கண் திறந்தபோது அவள் வலைக்குள் முழந்தாளில் இருந்து என் கணுக்காலைப் பிடித்துக் கொண்டிருந்தது மட்டும்தான். வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள். அவள் கையை எடுக்கவில்லை. எனக்கு வலித்தது, சந்தோசமாகவும் இருந்தது, அந்த இரண்டில் எது கூட என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அங்கே நின்றவர்களுக்கு யாரும் ஒன்றும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா நல்ல மனுசி. கைப்பையை எடுத்துக்கொண்டு, "படம் பாக்கத்தானே வந்தனாங்கள், இனி வராது போலை" என்று மரியாதையாக விடைபெற்றார். சம்மாட்டியார் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வானத்திலை போறதுகளுக்குப் பொருத்தம் பாத்த நான், என்ரை கூரைக்கு மேலை இருந்ததைக் காணேல்லையே."

சுகம் விசாரிப்பு

கால் வீங்கி ஒரு கிழமை வீட்டில் கிடந்தேன். சம்மாட்டியாரின் மனம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வலைக்குள் பிடித்த கையை வீட்டுக்குள்ளே தடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அம்மா செபமாலையை உருட்டியபடி இருந்தார். நான் முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். எந்த வீட்டுக்கும் ஏறவில்லை, இரண்டு பேர் வந்து கூப்பிட்டும் மாட்டேன் என்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் ஆள் அரவம் கேட்டது. சம்மாட்டியார் சலவை வேட்டியோடு நின்றார். பின்னால் அவருடைய தம்பிமார், சுருவிலில் இருந்து வந்த மச்சான், திரேசம்மா அக்கா, ஒருவர் கையில் வாழைக்குலை, இன்னொருவர் கையில் பலகாரப் பெட்டி. அம்மா அவர்களைப் பார்த்தார், குலையைப் பார்த்தார், உடனே உள்ளே ஓடி அலுமாரியில் இருந்து நல்ல மேசை விரிப்பை எடுத்தார். சம்மாட்டியார் கதிரையில் இருந்து, தொண்டையைச் செருமி, வந்த காரணத்தைச் சொன்னார்.

"தம்பியின்ரை கால் எப்பிடி எண்டு பாத்திட்டுப் போகலாம் எண்டு வந்தனாங்கள்."

தொடரில் தண்டையலுக்கும் வைத்தியருக்கும் கடைசியில் கலியாணம் நடந்ததா என்று இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள், தொடர் முடிந்த கிழமை எங்களுடைய கலியாணம் நடந்ததால் கம்பத்தைப் பிடிக்க ஊரில் ஆள் இருக்கவில்லை என்பதுதான் நான் அறிந்த மறுமொழி.