புல் படிக்கப் பத்துப் பேர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறேன். அத்தனை வருஷமும் ஒன்பது இருபத்தெட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஒன்பதரைக்கு வகுப்புக் கதவைச் சாத்தியவள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். "ரயில்வே கேட் போட்டுட்டாங்க மேடம்" என்பார்கள். "ரயில் என்ன இன்னிக்குத்தான் புதுசா விட்டாங்களா? முன்னாடியே கிளம்புறதுதானே?" என்பேன். "பஸ் வரல மேடம்" என்றால் அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பேன்.

போன வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஹானர்ஸ் வந்தது. வழக்கமான பட்டப்படிப்போடு கூடுதலாக நாலு பாடம் படித்துத் தேறினால், பட்டத்தில் 'ஹானர்ஸ்' என்று ஒரு சொல் சேரும். அந்த நாலில் ஒன்றாவது வேறு துறைப் பாடமாக இருக்க வேண்டும். வணிகவியல் பிள்ளை இயற்பியல் படிக்கலாம், கணக்குப் பிள்ளை கல்வெட்டு படிக்கலாம். அதற்காக ஒவ்வொரு துறையும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாடம் வைக்க வேண்டும். என்ன பாடம் என்பது நடத்துகிறவர் இஷ்டம்.

இஷ்டம்! பத்தொன்பது வருஷமாக யாரோ எழுதி அனுப்பிய பாடத்திட்டத்தை அலகு ஒன்று, அலகு இரண்டு என்று நடத்திக்கொண்டிருந்தவளிடம் வந்து இந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? அன்று வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குள் என் பாடம் தயார். ஒரே வார்த்தைதான் தலைப்பு: புல்.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டிய வரை தெரிவது என்ன? நெல். அது புல். கரும்பு, புல். வாய்க்கால் கரை மூங்கில், அதுவும் புல். பிள்ளையாருக்கு வைக்கிற அருகு, பானைத் தண்ணீரில் போடுகிற வெட்டிவேர், எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் ஜில்லா முழுக்கப் புல் என்று சொல்லிக்கொண்டிருக்கும் கோரை இருக்கிறதே, அது மட்டும் புல் இல்லை! இதை யாரிடமாவது உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? தாவரவியல் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வராததைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பத்துப் பேர் சேர வேண்டும். சேராவிட்டால் பாடம் ரத்து, மூன்று வருஷத்துக்கு அந்தத் துறைக்கு வாய்ப்பே கிடையாது.

திங்கட்கிழமை அலுவலக வாசல் பலகையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாளைக் குத்தி வைத்தார்கள். எல்லாத் தாளிலும் வகுப்பு நேரம் மாலை நாலு மணிக்கு மேல். வேண்டியவர்கள் பெயரையும் துறையையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்த் துறை திரைக்கதை எழுதுவது பற்றி ஒரு பாடம் வைத்திருந்தது. மத்தியானத்துக்குள் தாள் நிரம்பி, கீழே இன்னொரு தாளைப் பின் அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் துறை செயற்கை நுண்ணறிவு வைத்திருந்தது, அதைக் கேட்கவே வேண்டாம். வாத்தியங்கள் எப்படி ஒலிக்கின்றன என்று இயற்பியல்காரர்கள் வைத்திருந்த பாடத்துக்குக்கூடப் பன்னிரண்டு பேர்.

என் தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஆசையாகக் கிட்டே போய்ப் பார்த்தேன். பெயர்: மாடு. துறை: தொழுவம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளம்பு வரைந்திருந்தது.

எனக்கு உச்சி வரை ஏறியது. எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அன்று அவன் செத்தான். சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன், தாள் கிழிந்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னால், வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "பரவால்லயே, ஒரு அட்மிஷன் வந்திருக்கே. அட்டெண்டன்ஸ் ஒழுங்கா இருக்கும்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"கோவிச்சுக்காத. உன்ன பாத்தாலே புள்ளைங்க பயப்படுதுங்கன்னு நீயே சொல்லுவ. சாயங்காலம் நாலு மணிக்கு மேல தானா வந்து உங்கிட்ட யாரு மாட்டிக்குவா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. புல் யாருக்கும் பிடிக்காமல் இல்லை, என்னைத்தான் பிடிக்கவில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். புதன்கிழமை இரண்டு பெயர்கள் சேர்ந்தன. இரண்டும் தாவரவியல் பிள்ளைகள், என் முகத்துக்காகப் போட்டது. பலகைப் பக்கமே போகக்கூடாது என்று நினைப்பேன், கால் தானாக அங்கே போய் நிற்கும்.

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரரின் பைக் பஞ்சர். அவர் திருச்சியில் வேலை பார்க்கிறார், தினமும் ரயில். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டேன். திரும்பி வீட்டுக்குப் போய் மறுபடி கிளம்பச் சோம்பலாக இருந்தது, அப்படியே கல்லூரிக்கு வந்துவிட்டேன். மணி எட்டுகூட ஆகவில்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பதறி எழுந்துவிட்டார், யாருக்கு என்ன ஆச்சோ என்று.

வண்டியை நிறுத்தச் சைக்கிள் ஷெட்டுக்குப் போனேன். அங்கே முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒருத்தன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். இரண்டு பெண்கள் இட்லி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது, தூங்கினவன் கூட எழுந்துவிட்டான்.

"இந்த நேரத்துல இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். என் குரலே அப்படி, சாதாரணமாகக் கேட்டாலும் போலீஸ் விசாரணை போல இருக்கும்.

ஒரு பெண்தான் பதில் சொன்னாள். இரண்டாம் வருஷம் வணிகவியல், ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஒல்லியான உடம்பு, கண்ணைப் பார்த்துப் பேசினாள். "எங்க ஊர் பஸ் ஏழே முக்காலுக்கு வந்துடும் மேடம். ஒம்போதரை வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்போம்."

"அடுத்த பஸ்ல வர்றது?"

"அடுத்தது ஒம்போது நாப்பதுக்குத்தான் வரும் மேடம்."

"சாயங்காலம்?"

"நாலு இருவதுக்கு ஒண்ணு. அத விட்டா ஏழு மணி. வீட்டுக்குப் போய்ச் சேர எட்டரை ஆயிடும். நாலு மணிக்கு மேல கிளாஸ் வச்சா நாங்க எப்படி மேடம் சேருறது? டவுன் புள்ளைங்கதான் சேர முடியும்."

பலகையில் இருந்த அத்தனை தாள்களிலும் நிரம்பியிருந்த பெயர்கள் அப்போது நினைவுக்கு வந்தன. எல்லாம் டவுன் பிள்ளைகள், ஹாஸ்டல் பிள்ளைகள். பத்தொன்பது வருஷமாக அதே சாலையில் வருகிறேன், ஒரு நாளாவது அந்தப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்திருக்கிறேனா? எனக்கு வண்டி இருந்தது, பார்க்கவில்லை.

"சரி, எட்டு மணிக்கு வச்சா?" என்றேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூங்கி எழுந்தவன், இயற்பியல் படிக்கிறவன், தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "எட்டு மணின்னா நான் சேருறேன் மேடம். அப்புறம்... அந்த மாடு நான்தான்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஷெட்டே சிரித்தது.

அடுத்து ஹானர்ஸ் ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன். அவர் வேதியியல் பேராசிரியர். சுற்றறிக்கை என்றால் அவருக்கு வேதம். "நாலு மணிக்கு மேலன்னுதான் எல்லாரும் வச்சிருக்காங்க மேடம்."

"எல்லாரும் வச்சிருக்கட்டும் சார். சர்க்குலர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'வழக்கமான வகுப்பு நேரத்துக்கு வெளியே' என்றுதான் போட்டிருந்தது. மறுபடி படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார். "அது சரிதான் மேடம். ஆனா காலைல எட்டு மணிக்கு நீங்க வருவீங்களா?"

என்ன கேள்வி! "ஏன் சார், எனக்கென்ன கேடு?"

"அதில்ல, சும்மா கேட்டேன். நாளைக்கு நாலு மணிக்குத் தாளை எடுத்துடுவேன். ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்."

தாளில் 'காலை 8 மணி' என்று பெரிதாக எழுதினேன். அந்த வணிகவியல் பெண் மத்தியானம் முழுக்க வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினாளாம், வரலாற்றுத் துறையிலிருந்து இரண்டு பேரைக் கையைப் பிடித்தே இழுத்து வந்தாளாம். எனக்குப் பின்னால்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை தாளில் ஒன்பது பெயர்கள். இயற்பியல் மாடு உள்பட. அவள் பெயர் மட்டும் இல்லை.

உணவு இடைவேளையில் தேடிப் போனேன். அதே ஷெட்டில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊரையே சேத்து விட்டுட்டு நீ ஏம்மா சேரல?"

அவள் எழுந்து நின்றாள். "என்னை உங்களுக்கு ஞாபகம் இல்லையா மேடம்?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை.

"ஃபர்ஸ்ட் இயர்ல எங்களுக்கு சுற்றுச்சூழல் பேப்பர் நீங்கதான் எடுத்தீங்க. அப்ப நான் ரெண்டாவது பஸ்ல வருவேன். பத்து நிமிஷம் லேட். ஒரு மணி நேரம் வெளிய நிக்க வச்சீங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்தாங்க. அப்ப உள்ள நீங்க நெல்லு ஒரு புல்லுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. எங்கம்மா நடவுக்குப் போறவங்க மேடம். எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியாது. கேக்கணும்னு ஜன்னல் கிட்ட வந்தேன். தள்ளிப் போய் நில்லுன்னீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னிலேருந்துதான் முதல் பஸ்ஸு. இங்க பாதிப் பேரு உங்களுக்குப் பயந்துதான் முதல் பஸ்ல வராங்க. உங்க கிளாஸ்ல இனிமே நானா போய் உக்கார மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அவங்க படிக்கட்டும். நல்ல பாடம்."

எனக்கு முகம் சுட்டது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை, அத்தனை பிள்ளைகளின் அத்தனை காலைகளை, நான்தான் அந்த ஷெட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வரப் பார்த்தது.

"தப்புதாம்மா," என்றேன். "நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்க."

இந்த வார்த்தையை என் வீட்டுக்காரரே என்னிடமிருந்து கேட்டதில்லை. மணி அடித்தது, அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் பலகை முன்னால் நின்றேன். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு தாளாக ஊக்கைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். என் தாளில் கை வைத்தார். "ஒம்போது பேரு மேடம்," என்றார் மெதுவாக. அவருக்கும் வருத்தம்தான்.

"இருங்க சார்!" என்று பின்னாலிருந்து குரல். அவள்தான். பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற வேகத்தில் வந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள், ஆனால் எழுதவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒரு கண்டிஷன் மேடம். லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்கக் கூடாது."

"மாட்டேம்மா."

"என்னை மட்டும் இல்ல. யாரையும்."

"யாரையும்தான். எழுதும்மா தாயே, மணியாகுது!"

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குத் தாளைக் கழற்றினார்.

அடுத்த புதன்கிழமை முதல் வகுப்பு. ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். நெல் நாற்று ஒரு கட்டு, ஒரு கரும்பு, மூங்கில் கொத்து ஒன்று, புல் இல்லை என்று காட்டுவதற்காகக் கொஞ்சம் கோரை, எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மாட்டுத் தீவனம் எங்க போகுது?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. ஏழு ஐம்பதுக்கு ரயில்வே கேட்டுக்கு வந்தேன். மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில், என்னமோ ஊர்வலம் போவது போல, பெட்டி பெட்டியாகப் போனது. அது போனதும் கேட்டைத் திறப்பார்கள் என்று பார்த்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பால் கேனோடு நின்றவர் வண்டியை நகர்த்திக்கொண்டார்.

கல்லூரிக்கு வந்து, நாற்றும் கரும்புமாக மாடி ஏறி வகுப்பு வாசலை அடைந்தபோது எட்டு பதினொன்று. உள்ளே பத்துப் பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கால் உள்ளே போகவில்லை. நாற்றிலிருந்து தண்ணீர் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் வருஷத்தில் அவள் நின்ற மாதிரியே வாசலுக்கு வெளியே நின்றேன்.

"கேட் போட்டுட்டாங்க," என்றேன்.

மற்ற ஒன்பது பேரும் முன்வரிசையில் இருந்த அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த நாற்றுக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

"யாரையும்னு சொல்லியிருக்கோம்ல மேடம்," என்றாள். "உள்ள வாங்க."