ஏற்றிய சாமான்

என் மேல்வரிசைப் பற்களில் ஒன்று பொய்ப்பல். யாராவது கேட்டால் பஸ்ஸில் விழுந்தேன் என்பேன். எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு வீட்டைக் காலி செய்த அன்று நிஜப் பல் போனது. வீடு என்னுடையதல்ல, என் தங்கையுடையது. தங்கையுடையது என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் புருஷனுடையது.

அவன் அச்சாபீசில் வேலை பார்த்தான். கல்யாணமான ஆறாம் மாதமே கை நீட்ட ஆரம்பித்தான். அவள் இரண்டு முறை அடையாறில் நான் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விட்டேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று புத்தி வேறு சொன்னேன். நானோ கல்யாணமே செய்துகொள்ளாத பள்ளிக்கூடத்து டீச்சர். அணைக்கிற கையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஊர் சொன்னதைச் சொன்னேன். பின்னால் அதே வாயில் அடி விழுந்தபோது, சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் முறை அவள் வரவில்லை. ஈஸ்டருக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு நான் போனேன். நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். என்னடி என்று கேட்டேன். இடது காது கேட்கவில்லை என்றாள். அறைந்த அறையில் போயிருக்கிறது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண்.

"கட்டில், பெட்டி, தையல் மெஷின் எல்லாம் நம்ம வீட்டுல குடுத்தது. ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிடலாம்" என்றேன்.

"பார்த்தார்னா கொன்னுடுவாருக்கா."

"அவன் வேலைக்குப் போன நேரத்துல எடுப்போம். அவன் சாயங்காலம் வரும்போது வீடு காலியா இருக்கும்."

எனக்கு லீவு கிடைத்தது வெள்ளிக்கிழமை. மந்தைவெளிப் பக்கம் மாட்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் ஒரு மேஸ்திரியையும் அவரோடு இரண்டு ஆட்களையும் பேசினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன். "வெள்ளிக்கெழம பத்துக்கா?" என்று மேஸ்திரி ஒரு முறை கேட்டார். "பத்துக்குத்தான்" என்று வகுப்பறைக் குரலில் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்று எட்டு மணிக்கு அவன் வேலைக்குக் கிளம்பினான். எட்டரைக்கு நான் உள்ளே நுழைந்தேன். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினோம், துணிமணிகளைப் பாயில் சுருட்டினோம், கட்டிலைக் கழற்றினோம். வண்டி வரப் பத்தேகால் ஆகிவிட்டது. மேஸ்திரி முதலில் அவளுடைய கல்யாணப் பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டார். பிறகு தெருக்கோடிக் கடையில் மணி கேட்டுவிட்டு வந்து, வண்டி நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"அவ்ளோதாம்மா. இனிமே பன்னெண்டுக்கு மேலதான்."

"என்ன அவ்வளவுதான்?"

"ராகு காலம் வருது. வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு. வூடு மாத்துற சாமான அந்த நேரத்துல தொட மாட்டோம். அதான் அன்னிக்கே பத்துக்கான்னு கேட்டேன்."

நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் மாதா இருந்தார், ராகு காலம் இல்லை. லீவை வியாழக்கிழமைக்குக் கேட்டுத் தொலைத்திருந்தால் காலை முழுவதும் கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாய்க்கு வந்தபடி கத்தினேன். மேஸ்திரி பீடிச் சாம்பலைத் தட்டினார்.

"கத்தாதம்மா. வண்டில ஏத்தின சாமானுக்கு, எறக்குற வரைக்கும் நாங்க பொறுப்பு. வேற ஒருத்தன் கை வெக்க வுட மாட்டோம். ராகு காலத்துல ஏத்தி எதனா ஒடஞ்சா நான்தான பதில் சொல்லணும்?"

முக்கால் மணி நேரம் அந்த வண்டி வாசலில் சும்மா நின்றது. பத்து நிமிஷம் நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது தெருவே கேட்டது. எந்தப் புண்ணியவானோ அச்சாபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். பதினொன்றேகாலுக்கு அவன் சைக்கிளில் வந்தான். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

முதல் அடி அவள் முதுகில் விழுந்தது. சுவரில் மோதித் திரும்பியவளின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவள் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டால் இன்னும் விழும் என்று பழகியிருந்தாள். அவனை அடிக்க நான் ஏதாவது தேடினேன். பூரிக்கட்டை, துடைப்பம், கரண்டி எல்லாவற்றையும் நானே சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். மிச்சம் என் குடைதான். அதை இரண்டு கையாலும் பிடித்து அவன் மண்டையில் போட்டேன். குடை வளைந்தது. அவன் திரும்பி என் வாயில் ஒரே குத்து விட்டான். பல் நாக்கின் மேல் விழுந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வாசலுக்கு ஓடி, "பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, மனுஷங்களா நீங்க?" என்று கேட்டேன்.

"புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். அதுல நாங்க இன்னாம்மா பண்றது?" என்றார் மேஸ்திரி. பீடி இன்னும் கையில் இருந்தது. அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அவன் அவளை முடியோடு வாசலுக்கு இழுத்து வந்தான். வண்டியில் பெட்டியைப் பார்த்ததும் அவளை விட்டுவிட்டு அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். மேஸ்திரி அப்போதுதான் எழுந்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி அப்பால் தள்ளினார்.

"ஏத்தின சாமான் மேல கை வெக்காத நைனா."

அவன் தடுமாறி இரண்டடி பின்னால் போனான். தரையில் கிடந்த என் தங்கை அதைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், மேஸ்திரியின் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஓடிச் சக்கரத்தில் கால் வைத்து வண்டியில் ஏறினாள். பெட்டியின் மேல் உட்கார்ந்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவள் காலைப் பிடிக்கப் போனான். மேஸ்திரி குறுக்கே நின்றார்.

"தள்ளுடா. அவ என் பொண்டாட்டி."

"கீழ கீறப்ப உன் பொண்டாட்டி. நான் எதனா சொன்னனா? இப்ப வண்டி மேல கீது."

அவன் மேஸ்திரியை அறைந்தான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. மூட்டை தூக்கியே உரம் ஏறிய கை, ஒரே ஒரு முறைதான் விழுந்தது. அவன் சுருண்டு சாக்கடை ஓரத்தில் விழுந்தான். எழப் பார்த்தவனை மற்ற இரண்டு பேரும் உதைத்தார்கள். விலாவில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சாமியாரிடம் சொன்னதில்லை.

"ராகு காலமாச்சே?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாமானத்தான் தொடக்கூடாது. ஆளத் தொட்லாம்" என்றார் மேஸ்திரி.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தான். அதற்குமேல் கிட்டே வரவில்லை. பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடித்தது. நாங்கள் ஜெபம் சொல்லவேண்டிய மணி அது. அதைக் கேட்டுத்தான் மேஸ்திரி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கட்டிலைத் தூக்கினார்.

மந்தைவெளி தாண்டி, அடையாற்றுப் பாலம் தாண்டி, கொளுத்தும் வெயிலில் நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அவள் இறங்கி நடக்கவும் இல்லை, மூக்கு ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை. துடைக்க வேண்டுமானால் கயிற்றை விடவேண்டும்.

என் அறை வாசலில் எல்லாவற்றையும் இறக்கினார்கள். அவர்கள் பெட்டியை எடுக்க மட்டும் அவள் எழுந்து வழிவிட்டாள். எடுத்ததும் வெறும் பலகையில் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கும்மா. எல்லாம் எறக்கியாச்சு" என்றார் மேஸ்திரி.

"எறங்கிட்டா அப்புறம் நான் யார் பொறுப்பு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். இரண்டு முறை இதே வாசலிலிருந்து அவளை பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். துணியை வாயிலிருந்து எடுத்தேன். "என் பொறுப்பு" என்றேன்.

அவள் அசையவில்லை. அப்போதுதான் நான் அவளுடைய இடது காதுப் பக்கம் நிற்பது தெரிந்தது. வண்டியைச் சுற்றி வலப்பக்கம் போய் நின்று மறுபடியும் சொன்னேன்.