அறுபத்தொன்றரை கிலோ

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பழைய யுனிக்ஸ் மெஷினில் ஓடிய எடை புரோகிராமை, வேறொரு வகை யுனிக்ஸ் ஓடும் புதியதற்கு மாற்றுவது என் வேலை. எலெக்ட்ரானிக் தராசிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்து சீரியல் போர்ட்டுக்கு வரும், மூட்டையின் எடை திரையில் விழும், அவ்வளவுதான். புதியதில் ஒன்றும் விழவில்லை. வேகத்தை மாற்றினேன், பாரிட்டியை மாற்றினேன், கேபிளைக் கழற்றி மாட்டினேன், இரண்டு நாளாகப் போர்ட் திறக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மெஷினைக் காயலில் தூக்கிப் போட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை மானேஜர் எடைக்காரர் ஆறுமுகண்ணன் மேல் பாய்ந்தார். தினமும் முதல் மூட்டைக்கு முன்னால் தானே தராசில் ஏறி நின்று, தன் எடை அறுபத்தொன்றரை சரியாக வருகிறதா என்று பார்ப்பது அண்ணனின் வழக்கம். மகள் வயசுக்காரி என்பதால் என்னை மோளே என்றுதான் கூப்பிடுவார்.

"ஏறி ஏறித் தராசைக் கெடுத்தாச்சு. கம்ப்யூட்டர் வந்தா ஜோலி போயிடும்னு பயம். இனி இங்கே வர வேண்டா."

இருபது வருட ஜோலி. கோளாறு என் புரோகிராமில்தான் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மானேஜர் மேல் வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது, என் மேல் வந்தது ஆறவில்லை.

அன்று மத்தியானமே கோளாறைப் பிடித்துவிட்டேன். எதிர்முனையில் கருவி இருக்கிறது என்று தனியாக ஒரு கம்பியில் சிக்னல் வந்தால்தான் புது யுனிக்ஸ் போர்ட்டைத் திறக்கும். பழையது அதைக் கேட்டதே இல்லை, எங்கள் கேபிளில் அந்தக் கம்பியே கிடையாது. சிக்னலுக்குக் காத்திருக்காதபடி புரோகிராமை மாற்றி ஓட்டினேன். உடனே எண் வந்தது. 61.5. மறுபடி 61.5. வரிவரியாக அதுவே.

எட்டிப் பார்த்தால் தராசு காலி. பழைய எண் பஃபரில், அதாவது மெஷினின் தற்காலிக நினைவில், தங்கியிருக்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தராசின் சுவிட்சை அணைத்தேன். நம்பினால் நம்புங்கள், அப்போதும் வந்தது. கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது.

மானேஜர் சாப்பிட்டுத் திரும்பியதும் நேராக அவரிடம் போய், "தப்பு என்னோடது சார், அண்ணன் ஒண்ணும் செய்யலை, திரும்பக் கூப்பிடுங்கோ" என்று கத்தினேன். வரச் சொல் என்றார். அந்த எண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. தோப்பும்படியில் இருந்த அண்ணன் வீட்டுக்கும் நானே போனேன். காலையில் வந்து போர்த்திப் படுத்த மனுஷன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார் அவர் மனைவி. விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கேபிளை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன், அண்ணன் வந்து தராசில் ஏறினார். திரையில் 0.0. அவர் இறங்கி மூட்டையை வைத்தால் எடை சரியாக வந்தது. மறுபடி அவர் ஏறினால் பூஜ்யம். மானேஜர் சிரித்தார், பாவி, ஓங்கி ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

அண்ணன் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"நேத்திக்கு நான் மேல நின்னுட்டிருக்கேன், நீ பாட்டுக்கு சுவிட்சை அணைச்சிட்டியே, மோளே?"

அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கிப் போனவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

நான் சுவிட்சை அணைத்தபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கிடங்கில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.